ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு ஒரு நாள் லீவு

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு 1984 முதல் நடந்து வருகிறது. இப்போது ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. தொடக்க நிலையான என்5-இலிருந்து கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். வினாக்கள் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பேசிக் காட்டவோ கட்டுரை எழுதவோ வேண்டியதில்லை.

ஞாயிறன்று நடக்கும் தேர்வுக்கு லீவு எதற்கு? அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பானில் இதை எழுதும் வெளிநாட்டவரில் பலர் முதியோர் இல்லங்களிலும் ஹோட்டல்களிலும் 24 மணி நேரக் கடைகளிலும் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள். கடைக்கும் ஹோட்டலுக்கும் ஞாயிறுதான் கூட்டம் நெரிக்கும் நாள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது ஜப்பானியத் தொழிலாளர் தரச் சட்டம். அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறை வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஷிஃப்டு அட்டவணை போடும் முன்பே அந்தத் தேதியில் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது ஒன்று. பல இடங்களில் முந்தைய மாதமே இந்த விருப்பங்களைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். இது முதலாளி மனம் வைத்துத் தருவது. ஒரே ஞாயிறை நாலு பேர் கேட்டால் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்றது, யூக்யூ என்று எல்லோரும் சொல்லும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. இது சட்டம் தந்த உரிமை. ஆறு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்து, வேலை நாட்களில் 80 சதவீதமாவது வந்திருந்தால் 10 நாள் கிடைக்கும். ஆண்டு ஏற ஏற இது கூடி, ஆறரை ஆண்டில் 20 நாளாகும். எந்த நாட்டவர் என்ற பேதம் இதில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் கடையில் நிற்கும் மாணவருக்கும் ஆறு மாதம் கழித்து 5 நாள் உண்டு. பகுதி நேரக்காரருக்கு யூக்யூ கிடையாது என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன, அது தவறு.

லீவு எதற்கு என்று சொல்லவும் சட்டப்படி தேவையில்லை. விடுப்பை எப்படிச் செலவிடுவது என்பது தொழிலாளியின் விருப்பம் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1973-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினால் போதும். ஜப்பானியர்களே பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வேலை நடப்பதே தடைப்படும் என்ற நிலை இருந்தால் மட்டும் முதலாளி வேறு தேதிக்கு மாற்றச் சொல்லலாம். லீவே இல்லை என்று மறுக்க முடியாது. ஆனால் தேர்வுக்கு வேறு தேதி கிடையாதே! இந்த இடத்தில் காரணத்தை மறைப்பதைவிடச் சொல்வதே நல்லது. ஊழியருக்கு மொழி நன்றாக வந்தால் முதலாளிக்கும் லாபம் என்பதால், ஜப்பானிய அலுவலகங்களில் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய காரணங்களில் இது ஒன்று. மேல்நிலைகளில் தேறினால் படித்தொகை தரும் நிறுவனங்கள்கூட உண்டு.

எப்போது கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிசம்பர் தேர்வுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பெயர் பதிந்து பணம் கட்டியாக வேண்டும். ஜூலைக்கு மார்ச், ஏப்ரலில். தேதி கையில் இருக்கும்போதே சொல்லி வைக்காமல், நுழைவுச் சீட்டு வந்தபின் போய் நின்றால் அட்டவணை முடிந்திருக்கும். போகாவிட்டால் கட்டிய பணம் திரும்பாது; அடுத்த தேர்வு ஐந்து அல்லது ஏழு மாதம் தள்ளி.

அரை நாள் போதுமா? என்5-க்கு எழுதும் நேரம் 90 நிமிடம், என்1-க்கு 165 நிமிடம். இடைவேளையும் அறிவிப்புகளும் சேர்ந்தால் பிற்பகல் முழுவதும் போய்விடும். தேர்வு மையத்தை அமைப்பாளர்களே ஒதுக்குவதால், அது ரயிலில் வெகு தூரம் போக வேண்டிய ஏதோ ஒரு பல்கலைக்கழக வளாகமாகவும் இருக்கலாம். சனி இரவு ஷிஃப்டை வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் லீவு கேட்பதும் வீண். கேட்டல் பகுதி கடைசியில்தான் வரும். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். ஒரு நொடி கண்ணயர்ந்தால் அந்தக் கேள்வி போனதுதான். மொத்த மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் கேட்டலில் 60-க்கு 19 எடுக்காதவர் தேர்ச்சி பெறுவதில்லை.

தமிழ்நாட்டில் எழுதுவோரில் பலர் சென்னை மையத்துக்கு வருகிறார்கள். வெளியூர்க்காரர் சனி இரவு பஸ் ஏறினால் ஞாயிறு இரவு திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கிறார். அவருக்கு லீவு தேவைப்படுவது திங்கட்கிழமைக்கு.

ஞாயிறு கிடைக்கவே வழியில்லாதவருக்கு, ஜப்பானில் 2019-இல் வந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாதான் நோக்கம் என்றால், ஜே.எஃப்.டி. பேசிக் தேர்வு இருக்கிறது. என்4-க்குப் பதிலாக அதையும் ஏற்கிறார்கள். கணினியில் எழுதும் அந்தத் தேர்வு ஆண்டு முழுவதும் பல நாட்களில் நடப்பதால், லீவு கிடைக்கும் நாளைப் பார்த்துப் பதிந்துகொள்ளலாம். என்2, என்1 சான்றிதழ் வேண்டுவோருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஞாயிறைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.