பவானிபூர் வீடும் லண்டன் கணக்கேடும்: உலக வல்லமை இடம் மாறுவது எப்படி?

கொல்கத்தா: இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. அந்தப் பவானிபூர் நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். அருகிலுள்ள எல்ஜின் சாலையில் சுபாஷ் சந்திர போஸின் குடும்ப வீடு அருங்காட்சியகமாக உள்ளது. பிரிட்டிஷ் வைஸ்ராயின் பெயரைத் தாங்கிய அச்சாலைக்கு லாலா லஜபதி ராயின் பெயர் சூட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் நகரவாசிகள் பலர் இன்றும் எல்ஜின் சாலை என்றே அழைக்கின்றனர்.

மேற்குலகின் மேலாதிக்கம் முடிவுக்கு வருகிறதா என்பது இன்று உலகெங்கும் விவாதிக்கப்படும் கேள்வி. 2009-இல் நான்கு நாடுகளின் உச்சி மாநாட்டுடன் தொடங்கிய பிரிக்ஸ் அமைப்பில் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், இந்தோனேசியா ஆகியவையும் இணைந்துவிட்டன. வாங்கும் திறன் அடிப்படையில் அதன் பொருளாதாரம் ஜி7 நாடுகளை முந்திவிட்டது. ஆனால், பொருளாதார அளவு மாறினால் அதிகாரமும் உடனே மாறிவிடுமா? இதற்கு விடை தேட, பிரிட்டன் தன் முதலிடத்தை இழந்த 1940-களைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். அந்த வரலாற்றின் ஒரு பகுதி பவானிபூர் வீட்டில் தொடங்குகிறது; மற்றொரு பகுதி லண்டன் வங்கியின் கணக்கேட்டில் உள்ளது.

1941 ஜனவரி 16 நள்ளிரவுக்குப் பின், காவல்துறை கண்காணிப்பிலிருந்த அந்த வீட்டிலிருந்து போஸ் மாறுவேடத்தில் வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் காரோட்ட, கோமோ ரயில் நிலையத்தை அடைந்தார். அங்கிருந்து பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின். பின்னர் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியா. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சரணடைந்த இந்திய வீரர்களில் பலரும், மலாயா தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் அத்தோட்டங்களின் தமிழ்ப் பெண்களே.

போஸ் நம்பிய ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றன. போரில் வெல்லப்போவது யார் என்பதில் அவரது கணிப்பு பிழைத்தது. பேரரசு எதன்மீது நிற்கிறது என்பதில் பிழைக்கவில்லை. இந்தியச் சிப்பாயின் விசுவாசமே அதன் அடித்தளம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணை நாட்டையே கொதிக்கச் செய்தது. 1946 பிப்ரவரியில் ராணுவக் கேப்டன் ரஷீத் அலிக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்துக் கொல்கத்தா வீதிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து திரண்டனர். அதே மாதம் 18-ஆம் தேதி பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர்.

இவை பாடநூல்களில் உள்ளவை. கணக்கேட்டின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

போர் தொடங்கியபோது இந்தியா பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்தது. தொகை சுமார் 35 கோடி பவுண்டு. போர் முடிந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. துணி, தானியம், தளவாடம், படைகளின் செலவு என இந்தியாவில் பிரிட்டன் செய்த செலவுகளுக்கு அப்போது உரிய தொகை கைக்கு வரவில்லை. அது லண்டனில் இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கில் பவுண்டாக வரவு வைக்கப்பட்டது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை அச்சிட்டது. வரலாற்றாசிரியர்கள் 'ஸ்டெர்லிங் இருப்பு' எனக் குறிப்பிடுவது இதைத்தான்.

பொருள்கள் போருக்குச் சென்றன; நோட்டுகள் மட்டும் சந்தையில் பெருகின. விலைவாசி ஏறியது. பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததால் அரிசி வரத்தும் நின்றது. 1942 அக்டோபர் புயல் மேதினிப்பூரை அழித்தது. கடலோர மக்களின் படகுகளை அரசே பறிமுதல் செய்தது. 1943-இல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். கிராமங்களிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவர்கள் வீடு வீடாகச் சென்று சோறுகூடக் கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டனர். இந்தியா கடன் கொடுத்த நாடாக உயர்ந்தது என்று எழுதும்போது, அந்தக் கடனைத் தம் வயிற்றிலிருந்து கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர்களிடம் எவரும் கையெழுத்து வாங்கவில்லை.

கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் வந்ததா? 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் உலக நிதி ஒழுங்கை வகுக்கும் மாநாடு கூடியது. இந்தியக் குழுவில் சி.டி.தேஷ்முக், கோவையைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார், ஏ.டி.ஷ்ராஃப் ஆகியோர் இருந்தனர். முடங்கிக் கிடக்கும் பவுண்டு இருப்பின் ஒரு பகுதியையேனும் டாலராக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் வழிசெய்ய வேண்டும் என்று இந்தியா கோரியது. பிரிட்டன் தரப்பில் கெய்ன்ஸ், இது கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தமக்குள் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று கூறினார். கோரிக்கை ஏற்கப்படவில்லை.

பிரிட்டனின் நிலையும் மோசமாகவே இருந்தது. 1945 டிசம்பரில் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. அதன் கடைசித் தவணை 2006-இல்தான் அடைந்தது. கடனின் நிபந்தனைப்படி 1947 ஜூலை 15 முதல் பவுண்டை டாலராக மாற்ற அனுமதித்தது. ஐந்தே வாரங்களில் டாலர் கையிருப்பு கரைந்ததால் அனுமதியை நிறுத்திவைத்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது அந்த ஐந்து வாரங்களுக்குள்தான்.

சுதந்திர இந்தியாவுக்கு அந்த இருப்பு தவணை தவணையாகவே விடுவிக்கப்பட்டது. பிரிட்டன் விட்டுச் சென்ற ராணுவத் தளவாடங்களுக்கும் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் அதிலிருந்தே தொகை கழிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது, இந்திய இருப்பின் டாலர் மதிப்பும் ஒரே நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. எஞ்சியது உணவு தானிய, இயந்திர இறக்குமதிகளுக்குச் செலவாகி, 1950-களின் இறுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் முடிந்தது. கடன் கொடுத்தது இந்தியா. எந்த நாணயத்தில், எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதில் பெரும்பாலும் கடன்காரரின் கையே ஓங்கியிருந்தது.

இன்றைய செய்திகளை இந்தப் பின்னணியில் படிக்கலாம். 2022-இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. 2023-24-இல் பிரிட்டனில் வைத்திருந்த தங்கத்தில் 100 டன்னை ரிசர்வ் வங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. உலக நாடுகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 1999-இல் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 60 சதவீதத்துக்கும் கீழே உள்ளது. இவற்றுக்கிடையே ஒரு விநோதமும் நிகழ்ந்தது. எண்ணெய் விற்றுக் கிடைத்த கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் பயன்படுத்த முடியாமல் கிடப்பதாக 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் குறைகூறினார். 1944-இல் இந்தியா பேசிய அதே மொழி. இம்முறை நாம் மேசையின் மறுபுறத்தில் இருந்தோம்.

பிரெட்டன் உட்ஸில் உருவான பன்னாட்டு நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு இன்றும் 85 சதவீத வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம் உள்ளது. இந்தியாவின் பங்கு சுமார் 2.75 சதவீதம். 2023 டிசம்பரில் நிதியம் ஒதுக்கீடுகளை 50 சதவீதம் உயர்த்த ஒப்புதல் அளித்தது. உயர்வு அனைவருக்கும் ஒரே விகிதத்தில் என்பதால், யாருடைய பங்கும் மாறவில்லை.