பாரிஸில் சிநேகிதர் வீட்டுக்குப் போகுமுன்

ஐஃபல் கோபுரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் எந்தச் சுற்றுலாக் கம்பெனியும் காட்டிவிடும்; ஆனால் லா ஷப்பேல் வீதிகளில் ஈழத்தமிழர் கடைகளினூடே நடந்து, எந்தக் கடையில் இடியாப்பம் சூடாகக் கிடைக்கும் என்று அறிந்து, மாணிக்க விநாயகர் கோவில் தேர் வரும் நாளில் தெருவெல்லாம் தேங்காய் சிதறுவதைக் கண்டு மகிழ்வதற்கு, அங்கேயே குடியிருக்கும் சிநேகிதர் ஒருவரின் துணை வேண்டும். அந்தச் சிநேகிதர் அழைத்துவிட்டார் என்ற ஒரே தைரியத்தில், சட்டம் கேட்கும் தஸ்தாவேஜுகளைப் பற்றி விசாரியாமலே புறப்படும் நம்மவர் பலர் என்பதனால் இதை எழுதுவது அவசியமாகிறது.

ஹோட்டலில் தங்காமல் நண்பர் இல்லத்தில் தங்குவோருக்கு, அந்த நண்பர் தம் பகுதி நகரமன்றத்துக்கு நேரில் சென்று வாங்கித்தர வேண்டிய வரவேற்புச் சான்று ஒன்று உண்டு. 30 யூரோ முத்திரைக் கட்டணம் செலுத்தி, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமான அத்தாட்சி ஆகியவற்றைக் காட்டி அவர் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. அதைவிடக் கவனிக்கத் தக்கது, விருந்தாளி தம் செலவைத் தாமே தாங்க இயலாமற்போனால் அதைத் தாம் ஏற்பதாக நண்பர் அதில் கையெழுத்திடுகிறார் என்பது. ஆகவே, 'ஒரு கையெழுத்துத்தானே' என்று அவரை நிர்ப்பந்திப்பது நியாயமன்று. சான்றின் அசலை விசா விண்ணப்பத்தின்போதும் விமான நிலையத்திலும் காட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் விதியை நொந்துகொண்டு சும்மா இருந்துவிடுவோர் அநேகர். மறுப்பின் காரணத்தை எழுத்தில் பெறுவதும், அதை எதிர்த்து முறையிடுவதும் விண்ணப்பதாரரின் உரிமை. பிரான்ஸைப் பொறுத்தவரை 30 நாட்களுக்குள் நாந்த் நகரிலுள்ள விசாத் துறைக்கு முதலில் முறையிட்டு, அங்கும் பலிக்காவிடில் அந்நகர நிர்வாக நீதிமன்றத்தை அணுகலாம். வரவேற்புச் சான்றை நகரமன்றம் மறுத்தால், நண்பர் இரண்டு மாதங்களுக்குள் மாவட்ட அதிகாரியான பிரெஃபேயிடம் முறையிட வேண்டும்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் நாட்கணக்கு. ஒரே விசா செல்லும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் சேர்த்து, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. வந்த நாளும் போன நாளும் கணக்கில் சேரும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தங்கித் திரும்பியவர், இரண்டரை மாதம் ஊரில் இருந்தால் போதும் என்றெண்ணி ஜூன் நடுவில் வந்திறங்குவாரானால், சாதாரண ஆண்டில் ஜூன் 29 வரை அவருக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. தவிரவும், விசா வில்லையில் குறித்த நாட்கள் இதனினும் குறைவாக இருக்கலாம்; அப்போது அந்த எண்ணே சட்டம். இப்போது வரவும் போக்கும் முகப்படத்தோடு எல்லையில் பதிவாவதால், முத்திரை மங்கிவிட்டது என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

நகருக்குள் வந்தபின் நேரும் சங்கடங்கள் பெரும்பாலும் அன்பினாலேயே நேர்கின்றன. நண்பர் தம் நவிகோ பயண அட்டையைத் தட்டி, விருந்தாளியையும் தம்மோடு ஒட்டியே மெத்ரோ வாயிலைக் கடத்திவிடுகிறார். வெளியேறும் வழியில் நிற்கும் பரிசோதகர் பயணச்சீட்டைக் கேட்கையில் அபராதம் விருந்தாளியின் தலையில் விழுகிறது. ஆளுக்கொரு சீட்டு எடுத்து, வெளியே வரும்வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள். இதைவிடக் கொடியது, கூட்டம் மிகுந்த சனிக்கிழமையில் நண்பரின் கடைக் கல்லாவில் 'சும்மா கொஞ்ச நேரம்' உட்காருவது. சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளம் வாங்கவில்லை என்று சொன்னால் அதிகாரிகள் ஏற்பார்கள் என்ற நிச்சயமில்லை. விருந்தாளிக்கு நாட்டைவிட்டு அனுப்பப்படும் அபாயம் என்றால், கடைக்காரருக்கோ குற்ற வழக்கே வரக்கூடும்.

ஒருவேளை போலீஸ் காவலில் வைக்கப்பட நேர்ந்தால், வக்கீல், வைத்தியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைக் கேட்பதும், உறவினருக்குத் தகவல் சொல்லச் சொல்வதும் உங்கள் உரிமை. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி அனுப்பும்படியும் கேட்கலாம். பிரெஞ்சு தெரியாத நிலையில், புரியாத காகிதத்தில் கையொப்பமிட வேண்டாம்.

ரயிலிலோ கார் து நோர் நிலைய நெரிசலிலோ பாஸ்போர்ட் களவு போனால், முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்து, அதன் ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தூதரகம் அவசரப் பயண ஆவணம் தருவதற்கும் காப்பீட்டுக் கம்பெனி நஷ்டத்தைக் கவனிப்பதற்கும் அந்த ரசீதையே கேட்பார்கள். பாஸ்போர்ட், விசா, வரவேற்புச் சான்று மூன்றின் நகல்களையும் நண்பர் வீட்டில் ஒரு தொகுதியாக வைத்திருந்தால் காரியம் சீக்கிரம் முடியும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தென்றால் 112 என்ற எண்ணைச் சுழற்றலாம், அதற்குக் கட்டணமில்லை.