கடுகளவு மருந்து

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பர் பெரியோர். இப்பழமொழிக்கு வேதியியலில் ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால், நான் துப்பாக்கிக் கேப்பைத்தான் சொல்வேன். குழல் வாய்வழியே கருமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிகளால் இலக்குச் சுடுவதை மேலைநாடுகளில் பலர் இன்றும் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அமெரிக்காவில் இதற்கென 1933-லேயே ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அவர்கள் பயன்படுத்தும் கேப்பின் வரலாற்றையும் அதன் வேதியியலையும் சுருக்கமாகக் காண்போம்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை. பொறி பட்டால் நொடியில் பற்றும். ஆனால் சுத்தியலால் அடித்து அதைப் பற்றவைப்பது நம்பத்தக்க வழியன்று. ஆகவே முற்காலத்தில் சக்கிமுக்கிக் கல்லை எஃகில் மோதவிட்டு, அப்பொறியை வெளியேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழச் செய்தனர். அங்கெழுந்த தீ ஒரு துளைவழியே உள்ளே சென்று குண்டைத் தள்ளியது. மழை பெய்தால் கிண்ணத்து மருந்து நனையும். பெய்யாவிட்டாலும் வெளித் தீயின் ஒளியைக் கண்டே பறவைகள் பறந்துவிடும்!

இக்குறையைத் தீர்த்தவர் ஒரு பாதிரியார் என்றால் வியப்பாயிருக்கும். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரில் இறைப்பணி ஆற்றிய அலெக்சாண்டர் ஃபார்சித், பறவை வேட்டையில் விருப்பமுடையவர். அடித்தாலே வெடிக்கும் மருந்தைக் கொண்டு தீமூட்டும் கருவியொன்றை அமைத்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எட்வர்டு ஹோவர்டு என்னும் வேதியியலார் 1800-இல்தான் அறிவித்திருந்தார்.

பின்னர் இம்மருந்தைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்தனர். அதுவே கேப். துளையுள்ள குமிழின் மேல் அதைப் பொருத்தி, சுத்தியல் அடித்ததும் எழும் தீச்சுடர் துளைவழியே கருமருந்தை அடையும். 1834-இல் இங்கிலாந்தின் ஊல்விச்சில் இரு முறைகளையும் ஒப்பிட்டனர். 6,000 முறை சுட்டதில் சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. கேப் துப்பாக்கி பொய்த்தது 36 முறையே.

ஏன் இவ்வேறுபாடு? எவ்வினையும் தொடங்கக் கிளர்வுகொள் ஆற்றல் வேண்டும். கேப் மருந்துக்கு அது மிகக் குறைவு. ஓர் அடி, ஓர் உராய்வே போதும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். "மருந்தைத் தேய்க்காதே, இழுக்காதே, தூக்கி வை" என்பது அவருக்குச் சொல்லப்பட்ட முதற் பாடம். வகுப்பில் கிளர்வுகொள் ஆற்றலைப் படித்தபோதுதான் அம்மூன்று சொற்களின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

துப்பாக்கிப் பொழுதுபோக்கிலும் இதே ஒழுங்கு உண்டு. கெட்டிக்கும்முன் வெறுங்குழலில் ஓரிரு கேப்களை வெடித்துத் துளையிலுள்ள எண்ணெயைப் போக்குவர். குழல் வாயைப் புல்லுக்கு நேரே பிடிக்கையில் புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். மருந்தும் குண்டும் இட்ட பின், சுடுமிடத்தில் நின்றே, கடைசியாகத்தான் கேப்பைப் பொருத்துவர். கேப் வெடித்தும் குண்டு புறப்படாவிட்டால், குழலை இலக்கு நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடமேனும் காத்திருப்பர்; உள்ளே மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். செப்புச் சில்லு தெறிக்குமாதலால் கண்ணாடியும் அணிவர்.

கேப்பின் வழிவந்ததே தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர். பழைய பிரைமர்களில் இருந்த பாதரசம் பித்தளைத் தோட்டாவை நொறுங்கச் செய்தது. பொட்டாசியம் குளோரேட் விட்டுச்சென்ற உப்போ ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவேற்றியது. பின்னர் வந்த லெட் ஸ்டிப்னேட் துருவை ஒழித்தது. ஆனால் அதிலுள்ள ஈயம், மூடிய அரங்குகளில் சுடுவோர் மூச்சில் கலந்தது. அதனால் இன்று ஈயமில்லாப் பிரைமர்களும் செய்யப்படுகின்றன.

தீபாவளிக்குச் சிறுவர் சுடும் சுருள் கேப்பை அறியாதார் யார்? அவ்வமைப்பை 1845-இல் உண்மைத் துப்பாக்கிக்கே செய்தவர் எட்வர்டு மேனார்டு என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர். பொம்மைக் கேப்பிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் சேர்ந்தால் உராய்வைப் பொறுக்கா.

வேண்டும்போது பொய்க்காமலும் வேண்டாதபோது வெடிக்காமலும் இருப்பதே நல்ல கேப்புக்கு இலக்கணம். சுடுபவர் அதைத் தொடுவது ஒரு நொடி. செய்பவர் தொடுவதோ நாள் முழுதும். வேதியியல் பயிலும் நாம் அக்கைகளையும் நினைத்துப் பயில்வோமாக!