காவல் துறைகளும் கணிப்பொறிப் பாதுகாப்பு இடரும் : ஓர் ஒப்பீடு

காவல் துறையின் பணி மந்தணத்தைச் சார்ந்தது. ஒற்றர் பெயர், வழக்கிற்குரிய சான்று, காவலர்தம் இருப்பிடம் முதலியன முன்னாளில் பூட்டிய பேழைகளில் இருந்தன. இந்நாளில் கணிப்பொறிகளில் உள்ளன. எனவே அவற்றிற்கு நேரும் இடரும் உருமாறியுள்ளது. ஒரு காவல் துறையின் இடரை மற்றொன்றின் இடரோடு ஒப்பிடுங்கால் எதனை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தாக்குதல்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளலாம் எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. கண்டறியும் ஆற்றல் மிக்க துறையே தாக்குதல்களை மிகுதியாகக் கணக்கிற் காட்டும். அவ்வாற்றல் இல்லாத துறை இடரற்றது போலத் தோன்றும். வெளிப்பட்ட தரவின் பருமனும் தக்க அளவுகோல் அன்று. இழந்த பொருள் யாது, அது சென்ற வழி யாது, நேர்ந்த தீங்கு மீட்கத்தக்கதா என்னும் மூன்று வினாக்களே ஒப்பீட்டிற்கு உரியன. இவற்றைச் சில நிகழ்ச்சிகளில் வைத்துக் காண்போம்.

1. சான்றின் அழிவு : அமெரிக்க நாட்டு டெக்சாசு மாநிலத்துக் காக்ரெல் ஹில் என்னும் சிற்றூரின் காவல் நிலையக் கணிப்பொறியில் 2016 டிசம்பரில் பிணைத்தொகை கோரும் நச்சுநிரல் புகுந்தது. ஏறத்தாழ 4,000 டாலர் கேட்கப்பட்டது, நிலையத்தார் கொடுத்திலர். நச்சுநிரல் புகுந்த பின்னரே காப்புப்படி எடுக்கப்பட்டமையின், படியிலும் பூட்டப்பட்ட கோப்புகளே இருந்தன. 2009 முதலான ஒளிப்படச் சான்றுகள் பல அழிந்தன. இங்குத் தீங்குற்றது நீதி. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உள. அவற்றுட் பெரும்பாலன சிறியன. ஆதலின் இதனைத் தனி நிகழ்ச்சி என ஒதுக்குதல் இயலாது.

2. ஒற்றர்க்கு அச்சம் : 2021 ஏப்ரலில் வாசிங்டன் மாநகரக் காவல் துறையைத் தாக்கிய பாபுக் என்னும் கூட்டத்தார், பொருள் தராவிடின் துப்புக் கொடுப்போரைக் குற்றக் கும்பல்களுக்குக் காட்டிக் கொடுப்பதாக அச்சுறுத்தினர், அடுத்த மாதம் காவலர் பலருடைய பணிக் கோப்புகளை வெளியிட்டனர். காப்புப்படி இருப்பினும் இத்தீங்கிற்கு மருந்தில்லை. வெளிப்பட்ட மந்தணம் மீளாது.

3. பிறர் வழி வந்த கேடு : 2020 சூனில் இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் காவல் அமைப்புகளின் கோப்புகள், ஏறத்தாழ 269 கிகாபைட்டு, வெளியாயின. அவை சென்ற வழி ஹூஸ்டன் நகரத்துத் தனியார் இணைய நிறுவனம் ஒன்றே. தன் வாயிலைக் காத்த துறையும் பிறர் வாயிலால் இழந்தது.

4. தம் கையாற் போந்த கேடு : வட அயர்லாந்தில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. 2023 ஆகஸ்டு 8ஆம் நாள், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் வந்த வினா ஒன்றற்கு விடையாகக் காவல் துறை ஒரு விரிதாளை வெளியிட்டது. அதனுள் மறைந்திருந்த ஏடொன்றில் 9,483 பணியாளரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியன இருந்தன. மூன்று மணி நேரத்திற்குள் அது நீக்கப்பட்டது. ஆயினும் பட்டியல் படைக்கலம் தாங்கிய எதிர்ப்பாளர் கையிற் சேர்ந்துவிட்டதெனக் காவல் தலைவரே உரைத்தார். தம் பணியை உற்றார்க்கும் மறைத்து வாழும் காவலர் உள்ள நாடு அது. பகைவர் எவரும் புகவில்லை; பருமனோ ஒரு தாளளவே. எனினும் ஆயிரக்கணக்கானோர் உயிர்க்கு அச்சம் நேர்ந்தது. 2024இல் அத்துறைக்கு 7,50,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், இடர் என்பது பகைவரின் வலிமையால் மட்டும் அமைவதன்று என்பது புலனாகும். சிற்றூர் நிலையத்திற்குக் காப்புப்படியின் குறையும், மாநகரத்திற்குத் துப்புச் செய்தியின் செறிவும், பல துறைகட்குப் பொதுவான ஒரே வாயிலும், பூசல் நிலவும் நாட்டிற்குப் பெயர்ப்பட்டியலுமே இடரின் இருப்பிடங்கள். 269 கிகாபைட்டினும் ஒரு விரிதாள் கொடியதாதல் இதனாற் பெறப்படும்.

இவ்விடரைக் குறைக்கும் வழிகளுட் சிறந்தது பிரித்து வைத்தல். 2023 பிப்ரவரியில் அமெரிக்க மார்சல் துறை தாக்கப்பட்டபோது, சாட்சிகளைக் காக்கும் திட்டத்தின் தரவு வேறிடத்தில் இருந்தமையால் தப்பியது. ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவாறு ஆளுதல் வேண்டும் என்னும் கருத்தைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்திற் காண்கின்றோம். ஒன்று வெளிப்படின் மற்றையன காக்கப்படுதல் என்னும் அந்நெறியே கணிப்பொறிக்கும் பொருந்துவதாகும். ஆகவே, காவல் துறைகளை ஒப்பிடுவோர் எத்துணை முறை தாக்கப்பட்டன என வினவுதலை விடுத்து, ஒரு வாயில் திறப்பின் எவர் உயிர் இடருறும் என வினவுதலே முறையாம்.