மழையோடு வரும் பாம்பும் அரிவிவெட்டோடு வரும் பாம்பும்

கப்பல் உடைந்து மால்ட்டாத் தீவில் கரையேறிய புனித பவுல், மழையிலும் குளிரிலும் விறகு பொறுக்கித் தீயில் இட்டபோது, சூடு தாங்காமல் வெளிவந்த விரியன் ஒன்று அவரது கையைக் கவ்விக்கொண்டது என்று திருத்தூதர் பணிகள் நூலின் 28ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். வீடிழந்த மக்கள், மழை, விறகுக் கட்டு, அதனுள் பாம்பு. எம்மக்களுக்கு இக்காட்சி புதியதன்று. பவுலுக்குத் தீங்கு நேரவில்லை. எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை.

2008 நவம்பரில் நிஷா சூறாவளி வன்னியை வெள்ளக்காடாக்கியபோது, தறப்பாள் கொட்டில்களில் இருந்த மக்களோடு நாமும் இருந்தோம். ஒரு விடியற்காலையில் சிறுவன் ஒருவன் வயிற்றுவலி என்று அழுதான். தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். உடம்பில் கடிகாயம் எதுவும் தெரியவில்லை. பின்னர் கண்ணிமைகள் தொங்கின; விழுங்க முடியவில்லை; மூச்சும் அடங்கியது. பாயை உதறியபோதுதான் எட்டடி விரியன் விழுந்தது. அறிந்திருந்தால் அவனைக் காப்பாற்ற முயன்றிருக்கலாமே என்ற எண்ணம் எம்மை இன்றும் விட்டகலவில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

2012–2013 காலப்பகுதியில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400 பேருக்கு மேல் இறப்பதாகவும் மதிப்பிட்டது. பாம்பின் வரவுக்கும் போகம் உண்டு. அதை அறிந்தால் பாதி ஆபத்தைத் தவிர்க்கலாம்.

மாரி தொடங்கும்போது

புரட்டாதி, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வளைகளிலும் புற்றுகளிலும் நீர் புகுகின்றது. தவளை, எலி, பாம்பு எல்லாமே மேட்டு நிலம் தேடுகின்றன. அந்த மேடு பெரும்பாலும் எமது கொட்டிலின் மண் திண்ணைதான். எட்டடி விரியன் இரவில் திரியும் பாம்பு. நிலத்தில் படுத்திருப்பவர் புரளும்போது கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியலில் வயிற்றுவலியோ கண் சொருகலோ கண்டால், காயம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணி வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

கட்டில் இல்லாத வீட்டில் நுளம்பு வலையே அரண். வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நெல் மூடைகளைப் படுக்கும் இடத்தில் அடுக்காதீர்கள். நெல்லுக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

அரிவிவெட்டுக் காலம்

தை கழிந்து மாசி, பங்குனியில் காலபோக நெல் முற்றும்போது வயலில் எலி பெருகும். அப்போது அங்கே வருவது புடையன் எனப்படும் கண்ணாடி விரியன். வைக்கோலின் நிறத்தோடு கலந்து அசையாது கிடக்கும். பலத்த சீறலே அதன் எச்சரிக்கை. கையும் காலுமே கடிபடும் இடங்கள். அதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுபோக அறுவடையிலும் இதே கவனம் வேண்டும். கதிர்க்கட்டைத் தூக்குமுன் தடியால் தட்டுங்கள். பொழுதுபட்டபின் வரம்பில் வெறுங்காலோடு நடவாதீர்கள். ரோச் வெளிச்சம் காலடியில் விழட்டும்.

கோடையில்

மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் கற்களுக்கும் ஓலைகளுக்கும் கீழே சுருட்டை விரியன் கிடக்கும். அளவில் சிறியது என்று அலட்சியம் செய்யலாகாது. குளங்கள் வற்றும்போது முதலைகள் எஞ்சிய மடுக்களில் கூடுவதும், நீர் தேடி இரவில் தரைவழியே நகர்வதும் உண்டு. அந்நாட்களில் பிள்ளைகளைத் தனியே குளிக்க விடாதீர்கள்.

பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்புவோர் பற்றை மூடிய வளவையும் இடிந்த சுவரையும் புற்றையும் பாம்புகளின் குடியிருப்பாகவே காண்பர். கோடையிலேயே துப்புரவாக்குவது நல்லது. ஆயினும் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத காணியில் புற்றை வெட்டவோ தீ வைக்கவோ வேண்டாம். சாரையும் வெங்கிணாந்தியும் நஞ்சற்றவை. எலியைத் தின்று எமது நெல்லைக் காக்கும் சாரையைக் கொல்லாதீர்கள்.

கடித்துவிட்டால்

கடிபட்டவரை நடக்கவிடாது, கடிபட்ட கை அல்லது காலைத் தடி வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீமையே. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஏற்றப்படுகின்றது. விசகடி வைத்தியர்களின் அனுபவத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் மூச்சுத் தளரும்போது அதைத் தாங்கிப்பிடிக்கும் இயந்திரம் வைத்தியசாலையிலேயே உண்டு.

எமது குடியிருப்புகள் பல பிரதான வீதிக்குத் தொலைவில் உள்ளன. நள்ளிரவில் வாகனம் தேடி அலைவதில்தான் உயிர் போகின்றது. ஆகவே அடுத்த மழைக்கு முன் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ மாதர் சங்கத்தையோ கூட்டி மூன்று விடயங்களைத் தீர்மானியுங்கள்: இந்த மருந்து உள்ள கிட்டிய வைத்தியசாலை எது? இரவில் யாருடைய முச்சக்கரவண்டி வரும்? வாடகைப் பணம் யார் கையில் இருக்கும்? விடைகளை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.