டிராக்டரும் கலப்பையும்: பெர்குஸன் கண்ட இணைப்பு

எருது பூட்டும் ஏரில் நுகத்தடி, ஏர்க்கால், கொழு ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தச்சன் முதலிலேயே அளவு பார்த்துச் செய்கிறான். கொழு வேரில் தட்டினால் உழவன் மேழியைச் சற்றுத் தூக்கிக் கொடுப்பான், மாடும் நின்றுவிடும். மேனாடுகளில் டிராக்டர் வயலுக்கு வந்தபொழுது இப்பொருத்தத்தை எவரும் கருதவில்லை. யந்திரத்தை ஒருவர் செய்தார். கலப்பையை வேறொருவர் செய்தார். இரண்டையும் ஒரு கொக்கியால் மாட்டி இழுத்தார்கள்.

அதனால் விளைந்த கேடு பெரிது. கொழு பாறையில் சிக்கியதும், பின் சக்கரங்கள் மண்ணைப் பற்றி நின்றுவிட, யந்திரத்தின் விசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பிவிடும். முன்புறம் எழும்பி வண்டி மல்லாந்து கவிழும். ஓட்டுபவர் அடியில் நசுங்கி மாண்டதுண்டு.

1917-ஆம் வருஷத்தில் அயர்லாந்து விவசாய இலாகாவின் வேண்டுகோளின்படி டிராக்டர் உழவைக் கவனிக்க நேர்ந்தவர் ஹாரி பெர்குஸன். குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909-லேயே தாம் செய்த விமானத்தில் பறந்தவர். குறை கலப்பையிலும் இல்லை, டிராக்டரிலும் இல்லை, இரண்டும் சேருமிடத்திலேயே உள்ளது என்று அவர் கண்டார். முதலில் போர்டு மோட்டார் வண்டியை டிராக்டராக மாற்றிய ஈராஸ் என்ற யந்திரத்திற்கேற்ற இலேசான கலப்பை ஒன்றை வகுத்தார். அதற்குள் மலிவான போர்ட்ஸன் டிராக்டர் வந்து ஈராஸைத் தள்ளிவிட்டது. போர்ட்ஸனுக்கென மீண்டும் கலப்பை வகுத்தார். 1928-இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியே நின்றது. பிறர் செய்த யந்திரத்திற்கு ஒட்டுப்போடும் வேலை இருமுறையும் இவ்வாறு வீணாயிற்று. ஆகவே டிராக்டரையும் கலப்பையையும் ஒரே கருவியாகக் காகிதத்திலேயே வகுக்கத் துணிந்தார். 1933-இல் கறுப்பு வர்ணம் பூசிய ஒரே ஒரு பரீட்சை டிராக்டர் உருவாயிற்று.

அதிலிருந்து முதிர்ந்த முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கீழே இரண்டு தண்டுகள், மேலே ஒன்று. ஆக மூன்று இடங்களில் கலப்பை பிணைக்கப்படும். உழும்பொழுது கீழ்த்தண்டுகள் இழுபடுகின்றன. மேல்தண்டோ முன்னோக்கி அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கமே டிராக்டரின் முன்புறத்தை எழும்பவொட்டாமல் தடுக்கிறது. மண் இறுகி அமுக்கம் மிகுந்தால், மேல்தண்டின் சுருள்வில் எண்ணெய்க் கதவைத் திறக்க, கலப்பை தானே சிறிது உயர்கிறது. மேழி பிடித்தவன் கைசெய்த வேலை இதுவே. கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின் சக்கரங்களின்மேல் ஏறுவதால் பிடிப்பு உண்டாகிறது. அதற்காக இரும்பை வீணே சுமத்த வேண்டுவதில்லை.

1936-இல் இம்முறைப்படி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த டிராக்டரின் விலை 224 பவுன்; ஒவ்வொரு கருவிக்கும் தனியே 26 பவுன். குடியானவரிடமிருந்த பழைய கலப்பை இதில் பொருந்தாது. அவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. சுமார் 1,350 டிராக்டர்களே செய்யப்பட்டன. திறமான அமைப்பாயினும், வாங்குபவரின் கொட்டகையில் ஏற்கெனவே கிடப்பது என்ன என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1938-இல் ஹென்றி போர்டு முன்னிலையில் பெர்குஸன் அதை உழுது காட்டினார். எழுத்துமூலமான ஒப்பந்தமின்றி இருவரும் கைகுலுக்கினர். மறு வருஷமே போர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. எழுதாத ஒப்பந்தம் பின்னர் வழக்காகி, 1952-இல் போர்டு கம்பெனி 92½ லட்சம் டாலர் கொடுக்கச் சமாதானமாயிற்று. 1946 முதல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் செய்த டிஇ20 டிராக்டர்கள் பத்து வருஷங்களில் 5 லட்சத்திற்கு மேற்பட்டன.

1960-இல் மாஸ்ஸி பெர்குஸன் கூட்டுறவுடன் சென்னையில் டாபே கம்பெனி தோன்றியது. மும்முனை இணைப்பின் அளவுகள் இப்பொழுது சர்வதேச நிர்ணயமாக உள்ளன; ஆதலால் உள்ளூர்ப் பட்டறையில் செய்த ஒன்பது கொழுக் கலப்பையும் எந்தக் கம்பெனியின் டிராக்டரிலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறது.