மரநலப் பேணல்

மரநலப் பேணல் என்பது தெருவோரங்கள், பூங்காக்கள், பள்ளி வளாகங்கள், வீட்டுத் தோட்டங்கள் முதலிய இடங்களில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் வளர்க்கப்படும் மரங்களை முறையாக ஆய்வு செய்து, அவற்றின் நோய்களையும் குறைகளையும் தொடக்கத்திலேயே கண்டறிந்து, உரிய சிகிச்சை அளிக்கும் துறை ஆகும். வனவியல் மரங்களைத் தொகுதியாகக் கருதுகிறது. மரநலப் பேணல் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே கருதுகிறது. மக்கள் நடமாடும் இடங்களில் இம்மரங்கள் நிற்பதால், மரத்தின் நலத்தோடு மனிதரின் பாதுகாப்பும் இதில் அடங்கும்.

வரலாறு

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் குடியேறிய ஜான் டேவி, மர மருத்துவம் பற்றிய தமது நூலை 1901 இல் வெளியிட்டார். 1924 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய நிழல்மர மாநாடு, பின்னர் பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கமாக வளர்ந்தது. அக்காலத்தில் மரப் பொந்துகளைச் சுரண்டிச் சிமெண்டுக் கலவையால் அடைப்பதும், வெட்டுக்காயங்களின் மீது தார் பூசுவதும் சிறந்த சிகிச்சைகளாகக் கருதப்பட்டன.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ (1930–2006), ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, அழுகல் பரவும் விதத்தை ஆராய்ந்தார். இதன் அடிப்படையில் 1977 இல் வெளியான அவரது விளக்கம், மேற்கூறிய சிகிச்சைகள் பல மரத்திற்குத் தீங்கு செய்பவை என்பதைக் காட்டியது.

மரம் காயத்தை எதிர்கொள்ளும் முறை

விலங்குகளின் உடலில் காயமுற்ற திசுவின் இடத்தில் புதிய திசு உருவாகிறது. மரத்தில் இவ்வாறு நிகழ்வதில்லை. மரம் காயத்தை ஆற்றுவதில்லை; அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அழுகிய பகுதியை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளிப்புறத்தில் புதிய கட்டையை வளர்க்கிறது. ஷைகோவின் விளக்கப்படி இத்தடுப்புகள் நான்கு ஆகும்.

- முதல் தடுப்பு: நீர்க்குழாய்கள் அடைபடுவதால் அழுகல் மேலும் கீழும் பரவுவது தடைபடுகிறது. நான்கனுள் மிகவும் வலுக்குறைந்தது இதுவே.
- இரண்டாம் தடுப்பு: ஆண்டு வளையங்கள் அழுகல் உள்நோக்கிப் பரவுவதைத் தடுக்கின்றன.
- மூன்றாம் தடுப்பு: மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் கதிர்த்திசுக்கள் பக்கவாட்டுப் பரவலைத் தடுக்கின்றன.
- நான்காம் தடுப்பு: காயத்திற்குப் பின் கேம்பியம் உருவாக்கும் புதிய அடுக்கு, பின்னர் வளரும் கட்டையைக் காக்கிறது. இதுவே மிக வலிமையானது.

பொந்தைச் சுரண்டும்போது இத்தடுப்புகள் உடைந்து, அழுகல் நல்ல கட்டைக்குள் நுழைய வழி ஏற்படுகிறது. மேலும், மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. இதனால் இரண்டிற்கும் இடையே உராய்வும் ஈரத்தேக்கமும் உண்டாகின்றன. தார்ப்பூச்சும் அழுகலைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை.

ஆய்வு

ஆண்டுக்கு ஒருமுறையும், பெரும் புயலுக்குப் பின்னரும் மரத்தை வேரடியிலிருந்து நுனி வரை ஆராய்வது நல்லது. கவனிக்க வேண்டியவை:

- வேரடி: மண் வெடிப்பு, ஒருபக்கம் மண் மேலெழுதல், குழி தோண்டியதால் அறுபட்ட வேர்கள். கனோடெர்மா போன்ற பூஞ்சைகளின் தட்டு வடிவக் காளான்கள் அடிமரத்தில் முளைத்திருந்தால், உள்ளே அழுகல் இருப்பதற்கு அது அடையாளம்.
- அடிமரம்: வெடிப்பு, பொந்து, பட்டை உரிதல், பிசின் வடிதல், துளைகளிலிருந்து மரத்தூள் உதிர்தல்.
- கவடு: இரு பெருங்கிளைகள் குறுகிய கோணத்தில் நெருங்கி வளர்ந்து, இடையில் பட்டை சிக்கியிருத்தல். இத்தகைய கவடுகள் காற்றில் எளிதில் பிளக்கும்.
- தலைப்பகுதி: நுனிக்கிளைகள் பட்டுப்போதல், இலைகள் சிறுத்தல், பருவம் தவறி உதிர்தல். இவற்றின் காரணம் பெரும்பாலும் வேரில் இருக்கக்கூடும்.

பசுமையான இலைகள் மட்டுமே மரத்தின் உறுதிக்குச் சான்றாகா. நீரைக் கடத்துவது வெளிப்புறக் கட்டை ஆதலால், உள்ளே கூடாகிப்போன மரமும் செழிப்பாகத் தோன்றலாம். மரச்சுத்தியலால் தட்டும்போது கூடான பகுதி வேறுவிதமாக ஒலிக்கும். ஐயம் இருப்பின், அழுகிய கட்டையில் ஒலி மெதுவாகச் செல்வதை அளக்கும் கருவிகளும், மெல்லிய ஊசியைச் செலுத்திக் கட்டையின் எதிர்ப்பை அளக்கும் கருவிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

சிகிச்சை

கவாத்து செய்யும்போது, கிளையின் அடியில் சற்றுப் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் தடுப்பை உருவாக்கும் திசு அழியும். நீண்ட முளையாக விட்டால் அது பட்டுப்போய் அழுகும். கனமான கிளைகளை மூன்று வெட்டுகளில் அகற்றுவர். முதலில் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் பாதியளவு வெட்டப்படும். பின்னர் அதற்கு வெளியே மேலிருந்து வெட்டிக் கிளை வீழ்த்தப்படும். இறுதியில் எஞ்சிய முளை கழுத்தருகே அகற்றப்படும். முதல் வெட்டு, விழும் கிளை அடிமரத்துப் பட்டையை உரித்துச் செல்வதைத் தடுக்கிறது. மரத்தை மொட்டையடித்தால் புதிதாக வரும் தளிர்க்கிளைகள் மேலோட்டமாகவே பற்றியிருப்பதால், அவை வளர்ந்தபின் முறிந்து விழும்.

உணவையும் நீரையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, கிளைகளின் எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கும். எனவே மண்ணை இறுகவிடாமல் காப்பதும், 5 முதல் 10 செ.மீ. கனத்திற்குச் சருகு மூடாக்கு இடுவதும் பயன் தரும். மூடாக்கு அடிமரத்தைத் தொடக்கூடாது. பட்டையை இறுக்கும் கம்பிகளையும் கூண்டுகளையும் அகற்ற வேண்டும்.

டச்சு எல்ம் நோய்

ஆய்வின் இன்றியமையாமைக்கு இந்நோய் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். பட்டை வண்டுகளால் பரவும் ஒரு பூஞ்சை எல்ம் மரத்தின் நீர்க்குழாய்களில் வளர, மரமே அவற்றை அடைத்துக்கொண்டு வாடி இறக்கிறது. அருகருகே நிற்கும் மரங்களின் இணைந்த வேர்கள் வழியாகவும் நோய் பரவும். 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இரண்டாம் அலையில் பிரித்தானியாவில் 2 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் அழிந்தன. பிரைட்டன் நகரிலோ, நோயுற்ற மரங்கள் விரைவாகக் கண்டறிந்து அகற்றப்பட்டதால் ஆயிரக்கணக்கான எல்ம்கள் தப்பின. எனினும், அங்குப் புகழ்பெற்ற பிரெஸ்டன் இரட்டை எல்ம்களில் ஒன்று நோயுற்றதால் 2019 இல் வெட்டப்பட்டது.

இந்தியாவில்

ஹவுராவிலுள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சையால் அழுகிய அடிமரம் 1925 இல் அகற்றப்பட்டது. அதன் விழுதுகள் மரத்தை இன்றளவும் தாங்கி நிற்கின்றன. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியின் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவு வரையுள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. 2016 திசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அறுபட்ட வேர்களும் உள்ளழுகலும் கொண்ட மரங்களே இத்தகைய காற்றில் எளிதில் வீழ்பவை. அவற்றைப் புயலுக்கு முன்னரே அடையாளங்காண ஒழுங்கான ஆய்வு உதவுகிறது. சிகிச்சையால் பயனில்லாத மரத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்திற்கு ஏற்ற வேறொரு மரத்தை நடுவதும் மரநலப் பேணலின் ஒரு பகுதியே ஆகும்.